பழைய கம்ப்யூட்டர் யாருடைய பொறுப்பு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எந்த ஆன்டி-வைரஸ் நல்லது? எத்தனை ஜி.பி. ரேம் போதும்? யு.பி.எஸ். கட்டாயம் வேண்டுமா? நான்காவதாக ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. 'இந்தக் கம்ப்யூட்டர் பழசாகிப் போனால் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது யார்?' வாங்கிய கையோடு இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் பல சங்கடங்கள் மிச்சம். எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது.

பரணில் இருந்தவை

திருவண்ணாமலையில் என் தாய்மாமா ஒரு கடை வைத்திருக்கிறார். முன்பு பிரவுசிங் சென்டர். செல்போனில் இன்டர்நெட் வந்த பிறகு அது ஜெராக்ஸ், ஸ்கேனிங், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று மாறிவிட்டது. நான் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். கார்த்திகை தீபத்திற்கு ஊருக்குப் போயிருந்தபோது, பரணைக் காலி செய்ய வேண்டும், ஒரு கை பிடி என்றார். ஏணி போட்டு ஏறினேன். பழைய சி.ஆர்.டி. மானிட்டர்கள் எட்டு. சி.பி.யூ.க்கள் ஐந்து. யு.பி.எஸ். மூன்று. கீபோர்டும் மவுஸும் ஒரு சாக்கு மூட்டை. லேசர் பிரிண்டரின் காலி கார்ட்ரிட்ஜ்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய.

காயலான் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்து, மொத்தமாக ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"குடுத்துடலாம் மாப்ளே, இடமாச்சும் மிச்சமாவும்" என்றார் மாமா.

"எடுத்துக்கிட்டுப் போய் என்ன பண்ணுவாராம் மாமா?"

"அத நாம எதுக்குக் கேக்கணும்?"

கேட்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதல் காரணம்: ஹார்ட் டிஸ்க்

கல்லூரியில் படிக்கும்போது புராஜெக்டுக்காகச் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் மலிவாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். திறந்து பார்த்தால் காலியாக இருந்தது. விளையாட்டாக ஒரு ரெகவரி சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாண போட்டோக்கள், ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ்புக்கின் ஸ்கேன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்தேன். பழைய டிஸ்க்கை விற்றவருக்கு இது தெரிந்தே இருக்காது.

மாமாவின் கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, ஆதார், ரேஷன் கார்டு என்று சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் அனைவரின் காகிதங்களும் அந்த ஸ்கேனர் வழியாகத்தான் போயிருக்கின்றன. அவை அந்த ஐந்து சி.பி.யூ.க்களில் கிடந்தன. காயலான் கடைக்காரர் எடை போட்டுக் கொடுக்கும் பணம் இரும்புக்கும் செம்புக்கும்தான். அதோடு ஊர்க்காரர்களின் காகிதங்களும் இலவசமாகப் போய்விடும்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அங்கிருந்தும் நீக்கினால், சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் உடனே அழிவதில்லை. 'இந்த இடம் காலி, வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்' என்று விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்த மாதிரி. 'குவிக் ஃபார்மட்' செய்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆகவே விற்பதற்கு முன், ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, ஒவ்வொரு டிரைவின் மேலும் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்' தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் 'குவிக் ஃபார்மட்' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடும். எக்ஸ்பி காலத்து ஃபார்மட் அப்படி எழுதாது, கவனம். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டரை அப்படியே கொடுப்பதாக இருந்தால், செட்டிங்ஸில் 'ரெகவரி' பகுதிக்குப் போய் 'ரீசெட் திஸ் பி.சி.', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கிளிக் செய்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வழியாக 'க்ளீன் டேட்டா' என்பதை ஆன் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால், அதைத் தயாரித்த கம்பெனி தரும் சாஃப்ட்வேரிலேயே 'செக்யூர் இரேஸ்' வசதி பெரும்பாலும் இருக்கும். அதுதான் நல்லது. ஓடாமலே போன ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது டிரில்லிங் மெஷினால் நடுத்தட்டில் நாலைந்து துளை போட்டுவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது காரணம்: புகை

பழைய சாமான் எடுப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம் ஊரில் இரும்பும் பேப்பரும் இவ்வளவு ஒழுங்காக மறுசுழற்சிக்குப் போவது அவர்களால்தான். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர்களிடம் சரியான கருவி கிடையாது. வயரிலிருந்து செம்பை எடுக்க எளிய வழி, மொத்தமாகக் குவித்துக் கொளுத்துவது. பி.வி.சி. உறை எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுக்கள் புகையில் கலக்கின்றன. மதர்போர்டில் உள்ள துளித் தங்கத்துக்காக அதை அமிலத்தில் ஊற வைக்கும் இடங்களும் உண்டு. மிச்ச அமிலம் போகுமிடம் சாக்கடை. இந்த வேலையைச் செய்பவர்கள் கையுறைகூட இல்லாமல், பல இடங்களில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் 'குளோபல் இ-வேஸ்ட் மானிட்டர்' அறிக்கைப்படி, 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்.

அன்னதானமும் கம்பெனியும்

சரி, இதைச் சுத்தம் செய்ய வேண்டியது யார்? வாங்கிய நாமா, நகராட்சியா, தயாரித்த கம்பெனியா?

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பௌர்ணமிக்கும் தீபத்திற்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க அன்னதானம் நடக்கும். லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டுவிட்டு இலையைப் போட்டுவிட்டுப் போனால் பாதை என்ன ஆகும்? அதனால்தான் தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்ய மாவட்ட நிர்வாகத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் கூடாது, சாப்பிட்ட இலையைப் போடக் குப்பைத் தொட்டி வைப்பதும் இடத்தைச் சுத்தமாக வைப்பதும் அன்னதானம் செய்பவரின் பொறுப்பு என்று நிபந்தனை போடுகிறார்கள். பரிமாறியதோடு வேலை முடியவில்லை.

கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குச் சட்டம் சொல்வதும் இதுதான். இதற்கு 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று நீளமான பெயர். சுருக்கமாக 'ஈ.பி.ஆர்.' என்பார்கள். இந்தியாவில் 2011-இல் விதிகள் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போது இலக்கு எதுவும் இல்லாததால் பெரிய பயன் இல்லை. 2016-இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. பிறகு 2022-இல் வந்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. கம்ப்யூட்டர், செல்போன், ஃபிரிட்ஜ், சோலார் பேனல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் இதில் அடங்கும். ஒரு கம்பெனி சில ஆண்டுகளுக்கு முன் விற்ற சரக்கின் எடையில் 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் மறுசுழற்சி ஆனதாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

கம்பெனியே வந்து பெருக்க வேண்டும் என்பதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலை எவ்வளவு உலோகம் மீட்டதோ அதற்கு ஏற்பச் சான்றிதழ் பெறும். கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கும். அந்தக் காசில் ஆலை பழைய சாமானைச் சேகரிக்கும். இதில் எவ்வளவு காசு என்பதில்தான் சண்டை. வீட்டு மின்னணுப் பொருட்களுக்கு ஆலைகளுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று அரசு விலை வைத்தது. சில பெரிய கம்பெனிகள் அதை எதிர்த்து 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சட்டம் பேப்பரில் இருப்பது வேறு, அதற்குச் செலவு செய்ய மனம் வருவது வேறு என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பேட்டரி போகிறது, மானிட்டர் போவதில்லை

பரணிலிருந்து முதலில் காலியானவை யு.பி.எஸ். பேட்டரிகள். வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, அதில் பெரும்பகுதி ஈயம். மாமா புது பேட்டரி வாங்கிய கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொடுத்தார்கள். ஈயத்தை உருக்கித் திரும்பவும் பேட்டரியே செய்யலாம் என்பதால் எப்போதும் கிராக்கி உண்டு. அதோடு, பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற விதி 2001-லேயே வந்துவிட்டது. வாங்கிய கடைக்கே திரும்பப் போகும் பழக்கம் இருபது வருடமாக இருக்கிறது.

சி.ஆர்.டி. மானிட்டரிலும் ஈயம் உண்டு. உள்ளே பாயும் எலக்ட்ரான் கற்றையால் உண்டாகும் எக்ஸ்-கதிர் வெளியே வராமலிருக்கக் கண்ணாடியிலேயே ஈயத்தைக் கலந்திருப்பார்கள். ஆனால் கண்ணாடியோடு கலந்த ஈயத்தைப் பிரிப்பது செலவு பிடித்த வேலை. புதிதாக சி.ஆர்.டி. செய்பவரும் இல்லை என்பதால் கண்ணாடியை வாங்க ஆளில்லை. புதிய விதிகளின்படி சான்றிதழ் கிடைப்பதும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களுக்குத்தான். விளைவு? பழைய சாமான்காரர் மானிட்டரின் கழுத்துப் பகுதியில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொண்டு, கண்ணாடியை எங்காவது ஒரு பள்ளத்தில் உடைத்துப் போடுகிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கண்ணாடிக்கு யாரும் காசு தருவதில்லை.

மாமா 2011 வாக்கில் எல்.சி.டி. மானிட்டருக்கு மாறினார். சுற்றுச்சூழலுக்காக என்று நினைக்க வேண்டாம். கரண்ட் பில்லுக்காக! ஒரு சி.ஆர்.டி. சுமார் 75 வாட், எல்.சி.டி. சுமார் 18 வாட். எட்டு மானிட்டர், நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்குப் போட்டால் மாதம் 118 யூனிட் மிச்சம். மின்சாரத்தில் மிச்சம் பிடித்தார், எட்டுக் கண்ணாடிப் பெட்டிகளைப் பரணில் சேர்த்தார். புது மானிட்டர் விற்ற கடைக்காரர் பழையதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும்?

கம்பெனிகள் கேட்டால் மாறுமா என்று சந்தேகம் இருக்கலாம். ஒரு பழைய கதை சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் கிரீன்பீஸ் அமைப்பு பெரிய மின்னணுக் கம்பெனிகளுக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. நச்சுப் பொருட்களைக் குறைக்கிறார்களா, விற்றதைத் திரும்ப எடுக்கிறார்களா என்பதுதான் தேர்வு. நோக்கியாவும் டெல்லும் மேலே, லெனோவா கடைசி. எட்டே மாதத்தில், 2007 ஏப்ரலில் வந்த பட்டியலில் லெனோவா முதலிடம்! பழைய கம்ப்யூட்டரைத் திரும்ப எடுக்கும் திட்டத்தை விரிவாக்கியது அதற்கு முக்கியக் காரணம். அப்போது கடைசிக்குப் போன ஆப்பிளும் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களிலேயே அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், நச்சுப் பொருட்களை எப்போது கைவிடுவோம் என்று பகிரங்கமாக அறிவித்தார். வியாபாரிகளுக்கு மார்க் என்றால் எப்போதும் ஒரு கண்தான்.

நம் அளவில் கேட்க வேண்டியது கடைக்காரரிடம். பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால், அதன் பின்புறம் அல்லது அடியில் குறுக்குக் கோடு போட்ட சக்கரக் குப்பைத் தொட்டிப் படம் இருக்கும். 'என்னைச் சாதாரணக் குப்பையில் போடாதே' என்று அர்த்தம். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் 'இ-வேஸ்ட்' என்ற பகுதியில் டோல்-ஃப்ரீ எண்ணும் சேகரிப்பு முறையும் இருக்கும். வாங்கும் அன்றே அந்த எண்ணை பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். பழைய மானிட்டரைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, 'எக்ஸ்சேஞ்சில் எடுத்ததை எங்கே அனுப்புவீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடையிலும் கேளுங்கள்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் சிக்கல். கேபினட் ஒருவர், மதர்போர்டு ஒருவர், மானிட்டர் ஒருவர். நம் ஊர்ப் பக்கம் இதுதான் அதிகம். ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் பிராண்ட் அல்லது இறக்குமதி செய்தவர்தான் பொறுப்பு. ஆகவே எல்லாப் பாகங்களும் தனித்தனியாகக் குறிப்பிட்ட பில் வாங்குங்கள். 'பில் வேண்டாம், குறைத்துத் தருகிறேன்' என்பதற்கு ஒப்புக்கொண்டால் வாரன்டியோடு இந்தப் பொறுப்பும் காணாமல் போகும்.

தூக்கிப் போடும் முன்

ஒரு லேப்டாப் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. எனவே இருப்பதை இரண்டு வருடம் கூடுதலாக ஓட்டுவதுதான் பெரிய சேமிப்பு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தபோது, விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்களை எல்லாம் பலர் குப்பை என்றே நினைத்தார்கள். அவசரம் வேண்டாம். மாமாவின் ஐந்து சி.பி.யூ.க்களில் இரண்டை ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, 'லினக்ஸ் மின்ட்' ஏற்றி எழுப்பிவிட்டேன். ஒன்றில் இப்போது கடையில் தமிழ் டைப்பிங் நடக்கிறது. இன்னொன்றைப் பக்கத்துத் தையல் கடைக்காரரின் மகள் பழகுவதற்காக எடுத்துக்கொண்டாள். காலி டோனர் கார்ட்ரிட்ஜ்களில் உடையாதவற்றை ரீஃபில் செய்பவர் வாங்கிக்கொண்டார்.

மிச்சம் மூன்று சி.பி.யூ., மூட்டைக் கீபோர்டுகள், எட்டு மானிட்டர்கள். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளின் பட்டியல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சென்னைப் பக்கம் ஒரு ஆலைக்குப் போன் செய்தேன். சி.பி.யூ. என்றதும் சந்தோஷமாகப் பேசினார்கள். மானிட்டர் என்றதும் குரல் இறங்கியது. இவ்வளவு குறைந்த எடைக்குத் திருவண்ணாமலைக்கு வண்டி அனுப்ப முடியாது, கூட யாராவது சேர்ந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

மாமா முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே தெருவில் இறங்கி இரண்டு ஜெராக்ஸ் கடை, ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட், ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று கேட்டுவிட்டு வந்தார். எல்லாருடைய பரணிலும் ஏதோ இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் கடை வாரியாக எழுதி வைத்திருக்கிறார். மானிட்டர் மட்டும் பத்தொன்பது ஆகியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் கழற்றித் தனி டப்பாவில் போட்டு, அவற்றை அழிக்க நான் அடுத்த பௌர்ணமிக்கு வர வேண்டும் என்று உத்தரவு. காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டாராம். "இன்னும் ஒரு மாசம் பொறு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.